சக்தி என்னும் சொல்லும் சுகம் பற்றிய ஆய்வுகளும்

யோகாசனம், மூச்சுப்பயிற்சி, தியானம் ஆகியன உளத்தின் இறுக்கத்தைத் தளர்த்தி உடலுக்கும் நலம் பயப்பன என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் பெருகியுள்ளன. அச்சான்றுகளின் நிழலிலேயே ரெய்கி, பிராண சிகிச்சை முதலிய 'சக்தி மருத்துவ' முறைகளும் விஞ்ஞானத் தகுதி கோரி நிற்கின்றன. இரண்டையும் ஒரே பொருளாகக் கொண்டு எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகளும் கைநூல்களும் பல. மருத்துவம் பற்றி இலக்கிய மாணவர் எழுதுவானேன் என வினவப்படலாம். மயக்கம் பெரும்பாலும் ஒரு சொல்லிலே தங்கியிருப்பதனால் எழுதுகின்றோம்.

தமிழகப் பாடநூல்கள் 'ஆற்றல்' என்று குறிப்பதனை ஈழத்துப் பாடநூல்கள் 'சக்தி' என்று குறிக்கின்றன. சக்திக் காப்பு விதியைப் படிக்கும் எமது மாணவன் அதனை யூல் என்னும் அலகால் அளக்கின்றான். அவனே கோயிலில் சிவத்தோடு பிரிவின்றி நிற்கும் சக்தியை வணங்குகின்றான். களைத்து வீடு திரும்பும் தாய், உடம்பில் சக்தியில்லை என்கின்றாள். மூன்றும் ஒலியால் ஒன்று, பொருளால் வேறு. சக்தி மருத்துவம் பேசுவோர் முதலாவதன் அளவைத் தகுதியையும் இரண்டாவதன் புனிதத்தையும் சேர்த்தெடுத்து, மூன்றாவது பொருளில் அல்லற்படுவோரிடம் கொண்டுசெல்கின்றனர். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது உண்மையே. ஆயின் அங்கு உடம்பைப் பேணுதல் வீடுபேற்றுக்கு வழியாகும். அதனை இரத்த அழுத்தத்துக்கு மருந்துச்சீட்டாகப் படிப்பது திருமூலருக்கும் நியாயமன்று, மருத்துவத்துக்கும் நியாயமன்று.

ஆய்வுகள் உண்மையில் யாது கூறுகின்றன? 1975இல் 'தளர்வுத் துலங்கல்' பற்றி நூலெழுதிய அமெரிக்க வைத்தியர் ஹேர்பேர்ட் பென்சன், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்து அமைதியாக இருத்தலே பயன் தருவது, சொல் எதுவாயினுமாகலாம் என்றார். மந்திரத்தின் மகிமை பேசுவோர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போரால் நைந்த நோயாளருக்கு அவரவர் சமயத்துக்குப் பழக்கமான சொற்களைக் கொண்டே இத்தகைய பயிற்சிகளை அளித்தார்.

எமது மண்ணுக்கு அணித்தான பிறிதோர் ஆய்வும் உண்டு. 2004 திசம்பர் ஆழிப்பேரலையின் பின், வடகிழக்குக் கரையோர முகாமொன்றில், மனவடுவுற்ற 31 சிறுவர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தம் வாழ்க்கைக் கதையை எடுத்துரைத்தனர்; மற்றைய குழுவினர் தியானமும் தளர்வும் பயின்றனர். குழுவொன்றுக்கு ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் முதற்குழுவில் 81 சதவீதத்தினரும் மற்றையதில் 71 சதவீதத்தினரும் குணமடைந்திருந்தனர். இக்குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2009இல் வெளியான இம்முடிவு நம்பிக்கை தருவதே. எனினும் சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழு இங்கில்லை. காலம் ஆற்றியது எவ்வளவு, பயிற்சி ஆற்றியது எவ்வளவு என்பதனை இதிலிருந்து பிரித்தறிய இயலாது. இங்கு 'சக்தி' என்னும் கருதுகோளுக்குத் தேவையே எழவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது.

அக்கருதுகோள் நேரடியாகச் சோதிக்கப்பட்டதும் உண்டு. மனிதரின் சக்திப் புலத்தைக் கையால் உணர்வதாகக் கூறிய 21 சிகிச்சையாளரைத் திரைக்குப் பின்னே கைநீட்டச் செய்து, எந்தக் கைக்கு அருகில் தன் கை உள்ளது என்று ஒரு சிறுமி வினவினாள். எமிலி ரோசா என்னும் அச்சிறுமி தன் ஒன்பதாவது வயதில், பள்ளி விஞ்ஞானச் செயற்றிட்டமாக இதனை வகுத்தாள். 280 தடவைகளில் 123 விடைகளே சரி. அதாவது 44 சதவீதம். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் பாதி தேறியிருக்கும். அமெரிக்க வைத்தியச் சங்கச் சஞ்சிகை 1998இல் இதனை வெளியிட்டது.

புத்தூரார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க நிலாவரைக் கிணறு ஒன்றே போதும். இராமன் அம்பெய்து தோன்றிய ஊற்று என்பர், அடியில்லை என்பர். அளந்தவர்கள் அடியைக் கண்டனர். மேலே நன்னீர், கீழே உவர்நீர். அந்நன்னீரைப் பயிருக்கு இறைப்பதற்கு அம்பின் கதை வேண்டுவதில்லை. அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும் என்னும் அறிவே வேண்டும்.

இதே புத்தூரின் மேற்கே கலைமதிக் கிராமம் உள்ளது. சாதியால் ஒடுக்கப்பட்ட உழைக்கும் மக்கள் வாழும் இடம். குடியிருப்புகளின் நடுவே அமைந்த கிந்துசிட்டி மயானத்தில் பிணம் எரிப்பதை நிறுத்தக் கோரி 2017இல் அவர்கள் போராடினர்; பலர் கைதாயினர். மூச்சை ஆழ உள்ளிழுக்குமாறு போதிக்கும் எந்தக் கைநூலும் அக்காற்றில் கலந்துள்ள புகையைப் பற்றி வினவுவதில்லை. சுகம் தனிமனிதனின் பயிற்சிக்குரிய விடயமாகச் சுருக்கப்படும்போது, சுகவீனமும் அவனது சோம்பலாகவே காட்டப்படும். வசதியுள்ள வர்க்கத்துக்கு இவ்விளக்கம் மிகவும் உவப்பானது.

அதற்காகத் தியானத்தை அபின் என்று ஒதுக்கிவிடும் எம் தோழர் சிலருடனும் நாம் உடன்படவில்லை. முகாமில் உறங்க முடியாதிருந்த பிள்ளை உறங்கியது சிறிய காரியமன்று. மேற்குறித்த சோமசுந்தரமே 2007இல் வெளியிட்ட கட்டுரையில், வடபுலத்தின் வடுவைத் தனிமனிதரின் நோயாகக் காணாது, குடும்பமும் சமூகமும் சிதைந்தமையால் எழுந்த கூட்டு வடுவாகவே விளக்கியுள்ளார். அவரது தளர்வுப் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரையை விட்டுவிடுவது அவரைப் பாதியாகப் படிப்பதாகும்.