அரண்மனை இழந்தது, ஏர்முனை காத்தது

ஆள்வோர் மொழிக்கு அழிவில்லை என்று எண்ணுவோர் பலர். அவர்கள் மஞ்சு மொழியின் வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். 1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட சிங் அரசு, மஞ்சு மன்னர்களின் அரசு. ஆணைகள் அம்மொழியில் எழுதப்பட்டன. 1708-ல் காங்சி மன்னன் அதற்குப் பேரகராதி கண்டான். அவன் பேரன் சியன்லுங் அதனை மேலும் விரித்தான். கோல் இருந்தது, கொடி இருந்தது, கோட்டை இருந்தது. இன்றோ, சீனத்தில் வாழும் மஞ்சு மக்கள் ஒரு கோடிக்கு மேல். அம்மொழியைத் தாய்மொழியாகப் பேச வல்லார் வடகிழக்குச் சிற்றூர்களில் எஞ்சிய ஒருசில முதியவரே!

ஆயினும் அதே மொழியின் கிளையொன்று, தாயகத்துக்கு நெடுந்தொலைவில், சின்சியாங்கின் இலி ஆற்றங்கரை வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. அதைக் காத்தவர் மன்னர் குலத்தவரல்லர். மன்னரால் அனுப்பப்பட்ட சிபே மக்கள். இந்த முரணை ஆராய்வதே நம் நோக்கம்.

சிபே மக்கள் தனி இனத்தவர். மங்கோலியத் தலைவர்களுக்கு அடங்கிக் கிடந்த அவர்களை 1692-ல் சிங் அரசு தன் கையில் எடுத்து, ‘எண்கொடி’ எனப்படும் தன் படை அமைப்பில் சேர்த்தது. மஞ்சு மொழி அவர்கள் நாவில் வேரூன்றியது அந்தப் படைவாழ்வில்தான். பின்னர் சியன்லுங் மன்னன் மேற்கே சுங்கார் மங்கோலியரை வென்றான். வாளும் அம்மையும் சேர்ந்து இலிப் பள்ளத்தாக்கை வெறுமையாக்கின. வெறுமையாக்கிய எல்லைக்குக் காவல் வேண்டுமே! 1764-ல் முக்டனிலிருந்து, அதாவது இன்றைய ஷென்யாங்கிலிருந்து, ஆயிரம் வீரரும் இருபது அதிகாரிகளும் குடும்பத்தோடு புறப்பட ஆணை பிறந்தது. பட்டியலில் இருந்தோர் மூவாயிரத்துக்கு மேல். பட்டியலில் பெயர் இல்லாமலே, உறவைப் பிரிய மனமின்றிப் பின்தொடர்ந்தோர் நானூறுக்கு மேல். வழியில் பிறந்த குழந்தைகள் முந்நூறுக்கு மேல். ஓராண்டுக்கும் மேலாக வழிநடந்து, 1765-ல் இலி சேர்ந்தனர்.

இதனை அரசப் பற்றின் காவியமென்று பாராட்டுவோர் உண்டு. நாம் அப்படிப் படிக்க மறுக்கிறோம். விருப்பம் கேட்டா அனுப்பினான் மன்னன்? அறுபது ஆண்டு கழித்து ஊர் திரும்பலாமென்று அவன் வாக்களித்ததாக அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஆண்டு அறுபது போயிற்று, ஆண்டுகள் இருநூற்றறுபதும் போயின, திரும்பவில்லை. நான்காம் திங்கள் பதினெட்டாம் நாளை அவர்கள் இன்றும் விழாவாகக் கொண்டாடுகின்றனர். அது, உற்றாரைப் பிரிந்து புறப்பட்ட நாளின் நினைவு. விழாவை மட்டும் கண்டு விம்மலைக் காணாதவன் அரைப்பக்கம் படித்தவனே.

வாக்கை நம்பி அவர்கள் வாளாவிருந்தார்களா? இல்லை. 1802-ல் தூபெத் என்ற தலைவனின் கீழ், இலி ஆற்று நீரைத் திருப்பக் கால்வாய் வெட்டத் தொடங்கினர். 1808-ல் முடித்தனர். அதன் பெயரே இன்று அவ்வட்டாரத்தின் பெயர்: சாப்சல். தானியக் களஞ்சியம் என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். எட்டுப் படைப்பிரிவுகள் எட்டு ஊர்களாயின. அப்பிரிவின் பெயர் ‘நிரு’. அம்பு என்பது அதன் பழம்பொருள். அம்பின் பெயர் கொண்ட ஊர்களில் ஏர் உழுதது!

இனி, தலைநகரைப் பார்ப்போம். பீக்கிங்கில் குடியேறிய மஞ்சுக் கொடியினருக்கு வெள்ளியும் அரிசியும் மானியமாக வந்தன. வேறு தொழில் செய்யத் தடை இருந்தது. அவ்வாழ்வின் அழிவைத் தீட்டியவர், 1899-ல் அத்தகைய எளிய குடும்பமொன்றில் பிறந்த லாவ் ஷெ. ‘செங்கொடியின் கீழ்’ என்ற அவரது முற்றுப்பெறாத நாவல், 1966-ல் அவர் மறைந்து பல ஆண்டு கழித்து, 1979-ல் வெளிவந்தது. எண்கொடிகளுள் ஒன்றே இச்செங்கொடி. பறவை வளர்ப்பதில் பொழுதைப் போக்கி, கடனில் உண்டு, அந்தக் கடனையும் பெருமையாகக் கருதும் மாந்தரை அவர் வெறுப்பின்றி நகைக்கிறார். அவர்களிடையே வண்ணப்பூச்சுத் தொழில் கற்ற ஃபூஹாய் ஒருவனே நிமிர்ந்து நிற்கிறான். உழைப்பே மனிதனை மீட்கும் என்பதை ஆசிரியர் முழங்கவில்லை, பாத்திரத்தால் காட்டுகிறார். நாவலின் பெருஞ்சிறப்பு அது. பெருந்துயரம் வேறொன்று: மஞ்சு வாழ்வைச் சொல்லும் அந்நூல் சீன மொழியில் எழுதப்பட்டது. எழுத வேறு மொழி அவருக்கு எஞ்சியிருக்கவில்லை.

சாப்சலிலோ மாலைதோறும் படிப்பு நடந்தது. ‘மூன்று அரசுகள்’ போன்ற சீனக் கதைகளின் மஞ்சு மொழிபெயர்ப்புகளைக் கையெழுத்துப் படிகளாக வைத்து, ஒருவர் இசையோடு படிக்க ஊரார் கூடிக் கேட்டனர். பிறர் கதைதானே என இகழ்வோர்க்கு நாம் சொல்வோம்: கதை கடன், நாக்கு சொந்தம். எழுத்தறியாத முதியவளும் அங்கே மொழியின் முழு வளத்தையும் செவியால் பெற்றாள்.

அவர்கள் மரபு அனைத்தையும் போற்றுகிறோமா? இல்லை. வீட்டில் ‘சிரின் மாமா’ என்றொரு கயிற்றைப் புனிதமாகக் காத்தனர். குடும்பத் தலைமுறைகளின் பதிவு அது. ஆண் பிறந்தால் வில்லும் அம்பும் கட்டுவர். பெண் பிறந்தால் வண்ணத் துணித்துண்டு. எழுத்தில்லா வரலாறு என்ற வகையில் அது அருமையானது. ஆனால் வழிநடையில் பிள்ளை பெற்று இனத்தைக் காத்தவளுக்குத் துணித்துண்டுதான் பரிசா?

தாய்மண்தான் மொழியைக் காக்கும் என்பதும் இங்கே பொய்க்கிறது. 2010 கணக்கெடுப்பில் சிபே மக்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். சின்சியாங்கில் வாழ்வோர் 34,000 அளவினர். பெரும்பான்மையோர் வாழும் வடகிழக்கில் வழங்குவது சீனமே. சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து உழைத்து, சேர்ந்து படித்த இடத்தில் மொழி நின்றது. சிதறிய இடத்தில் சிதைந்தது. 1946-ல் அவர்கள் செய்தித்தாள் தொடங்கினர். 1947-ல் மஞ்சு எழுத்தைத் தம் பேச்சுக்கேற்பச் சீர்திருத்தினர். 1954-ல் சாப்சல் தன்னாட்சி வட்டமாயிற்று.

எனினும் 2009-ல் யுனெஸ்கோ சிபே மொழியைக் கடும் இடரில் உள்ள மொழிகளுள் வைத்தது. கல்வியும் வேலையும் சீனத்தின் வழி வரும்போது, பிள்ளைகளின் நா அவ்வழியே திரும்புகிறது. விழா நாளில் வில் வளைப்பதால் மட்டும் மொழி நிமிராது. கால்வாய் வெட்டியவர் கரையைப் போற்றி அமர்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் தூர் வாரினால்தான் நீர் ஓடுமென்று அறிந்திருந்தனர். மொழியும் அப்படியே. புகழுரையை நிறுத்தி, மண்வெட்டியை எடுப்போரே அதற்கு வேண்டும்.