எந்தத் தண்டலம்?

ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் மூதாதையைக் கண்டுபிடித்தாயிற்று என்று நினைப்பவர் வம்சாவளி தேடும் இந்தக் கலைக்குப் புதியவர். பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு தண்டலம் இருக்கிறது. கோவூர்ப் பக்கம் இன்னொன்று. திருப்போரூருக்கு அருகே ஒன்று, பெரியபாளையத்துக்கு அருகே ஒன்று, அரக்கோணத்தை ஒட்டி ஒன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் ஒருவர் பழைய கப்பல் பட்டியலைப் புரட்டி, தன் கொள்ளுப்பாட்டனாரின் வரியில் 'தண்டலம்' என்று படித்தால் அங்கிருந்துதான் வேலையே ஆரம்பிக்கிறது.

அந்தப் பட்டியல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலில் இறக்கப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒரு எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். சுரேந்திர பானா, ஜாய் பிரெய்ன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இவற்றை வரிவரியாகக் கணினியில் ஏற்றினார்கள். பானா அதை வைத்து 1991இல் ஒரு நூலே எழுதினார்.

தழும்பைக் குறித்து வைத்த எழுத்தருக்குப் பாசம் ஒன்றும் இல்லை. தோட்டத்தைவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்க அது வேண்டியிருந்தது. ஆனாலும் அம்மை வடுவும் பச்சை குத்திய முன்கையும் நிழற்படம் இல்லாத ஒரு மனிதரின் ஒரே உருவப்படமாக நின்றுவிடுகின்றன.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை அமெரிக்காவில் இருக்கிறது. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென் 1682இல் 'வெல்கம்' கப்பலில் பென்சில்வேனியாவுக்குப் போனார். அந்தக் கப்பலில் தன் முன்னோர் வந்தார் என்று சொல்லிக்கொள்ளப் பல குடும்பங்களுக்கு ஆசை. பயணிகள் பட்டியலோ இன்று இல்லை. 1970இல் ஜார்ஜ் மெக்ராக்கன் அந்த உரிமைக்கோரல்களை ஒவ்வொன்றாகச் சலித்து, நிரூபிக்கப்பட்டவை, பொய்த்தவை, சந்தேகத்துக்குரியவை என்று பிரித்து ஒரு பெரிய புத்தகமே போட்டார். ஆனால் குவேக்கர்கள் தங்களைத் தாங்களே எழுதிவைத்துக்கொண்டவர்கள். ஊர் மாறினால் பழைய சபையிலிருந்து சான்று வாங்கி வர வேண்டும். திருமணப் பத்திரத்தில் வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். மாதத்துக்குப் பெயர் எழுதாமல் எண்தான் போடுவார்கள். 1752க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். அதை ஜனவரி என்று படித்தால் பாட்டனார் பிறந்த தேதியே தவறிப்போகும்.

சுதந்திரமாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் தொலைந்தது, சொந்தப் பதிவேடு மிஞ்சியது. எண்ணோடு கட்டுப்பட்டுப் போன நம்மவர்களுக்கு அடுத்தவன் எழுதிய பட்டியல்தான் மிஞ்சியது. ஆகவே நம் கலை, எழுதியவன் நினைக்காததையும் அதிலிருந்து படித்தெடுக்கிற கலை.

நல்ல வாசகர் ஒரு வரியோடு நிற்பதில்லை. மேலும் கீழும் பத்து வரியைப் பார்ப்பார். ஒரே கிராமப் பெயர் அடுத்தடுத்த எண்களில் வந்தால், அவர்கள் ஊரிலிருந்தே சேர்ந்து கிளம்பியிருக்கக்கூடும். கணவன், மனைவி என்று சேர்த்து எழுதியிருந்தாலும் அவசரப்பட மாட்டார்; அந்த உறவு கப்பலேறும் முன் கிடங்கில் தங்கியிருந்த நாட்களில் ஏற்பட்டதாகவும் இருக்கலாம். பெயர்களை வாய்விட்டுப் படிப்பார். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனது அப்படித்தான். தந்தை பெயர் இன்னொரு தலைமுறையைத் தரும். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் தெரிந்தவருக்கு அதற்கும் முந்தைய தலைமுறை மங்கலாகத் தெரியும்.

பிறகு அந்தத் தண்டலக் குழப்பம். ஜில்லா வடஆற்காடு என்றால் அரக்கோணத்துத் தண்டலத்தைப் பார்க்கலாம். செங்கல்பட்டு என்றால் மற்ற நான்கும் போட்டியில் நிற்கும், தாலுகாப் பெயரைத் தேட வேண்டும். ஜில்லாவும் தாலுகாவும் கைவிட்டால் சாமிகள் இருக்கிறார்கள். வீட்டில் எத்திராஜ் என்று பெயர் இருந்தால் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் நினைவுக்கு வருவார். கந்தசாமி என்றால் திருப்போரூர், பவானி என்றால் பெரியபாளையம், தணிகாசலம் என்றால் அரக்கோணம் பக்கத்துத் திருத்தணி. இது சான்று ஆகாது. தொண்டை மண்டலம் முழுக்க இந்தப் பெயர்கள் பரவிக் கிடக்கின்றன. ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டலாம் என்று இது சொல்லும். இந்தக் கலையில் மிக ருசியான இடமும் இதுதான்.

தட்டிய கதவு திறக்குமா? செங்கல்பட்டுச் சீமைக்கு ஆவணப் பஞ்சம் இல்லை. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் தாமஸ் பர்னார்ட் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, எந்த ஊரில் எத்தனை வீடு, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று குறித்தார். அந்தக் கணக்குகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஆனால் நிலம் இல்லாதவன் இத்தகைய கணக்கில் வீட்டு எண்ணிக்கையாக வருவான், பெயராக வர மாட்டான். நிலவரிப் பதிவேட்டிலும் பட்டா உள்ளவருக்குத்தான் இடம். 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை அரசுக்கு எடுத்துச் சொன்னது. அவர்களுக்கான பஞ்சமி நில ஒதுக்கீடு அதிலிருந்து பிறந்தது. அந்தச் சேரிகளிலிருந்து கப்பலேறிய ஒருவருக்கு, தகப்பன் பெயரோடு தன் பெயரை முதன்முதலாகத் தாங்கிய காகிதம் நேட்டால் பட்டியலாகவே இருந்திருக்கலாம்.

பெங்களூர் நெடுஞ்சாலைத் தண்டலத்தைச் சுற்றி இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகள். ஒடிசா, பீகார் ஆட்கள் ஒப்பந்தத்தில் வந்து வேலை பார்க்கிற பகுதி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒப்பந்ததாரர்கள் வைக்க வேண்டியிருந்த 13ஆம் எண் படிவத்தைக் கப்பல் பட்டியல் படித்தவர் பார்த்தால் திடுக்கிடுவார்: பெயர், வயது, பாலினம், தந்தை அல்லது கணவர் பெயர், சொந்த ஊர், தாலுகா, மாவட்டம். தழும்புக்குக் கட்டம் இல்லை. கையெழுத்துக்கோ கைநாட்டுக்கோ இடம் உண்டு. கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பது அந்தப் பதிவேட்டுக்கான மத்திய விதியாக இருந்தது.