கறையும் கணக்கில் உண்டு

சோழ மன்னன் ராஜராஜனின் அக்கா குந்தவை, தஞ்சைப் பெரிய கோயிலின் உமாபரமேசுவரிக்குக் கொடுத்த திருப்பட்டிகை ஒன்றில் 667 வைரங்கள் பதிக்கப்பட்டிருந்தன. இடையில் பூட்டும் அந்த நகையை இன்று யாரும் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கொடையைப் பதிந்த கோயில் கல்வெட்டைப் படிக்கும்போது, அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க முடிகிறது.

வைரங்களில் புள்ளி விழுந்தவை, விரிசல் கண்டவை, செம்பொட்டும் கரும்பொட்டும் உள்ளவை, வெந்தது போன்ற தடம் கொண்டவை எல்லாம் அடக்கம் என்கிறது அது. மாணிக்கம் 83. அவற்றையும் வகை பிரிக்கிறது: உயர்தர ஹளஹளம் 22, மற்ற ஹளஹளம் 20, வழவழப்பானவை 20, நீலம் ஓடியவை 9, சட்டம் 2, மெருகேறாதவை 10. கூட்டிப் பாருங்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை. அவற்றிலும் குழி, வெட்டு, துளை, வெள்ளைப் பொட்டு உள்ளவை உண்டு. தாதுக்கல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவையும் உண்டு.

முத்துக்கு வரும்போதுதான் எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது. பட்டிகையில் இருந்தவை 212. இந்தக் கோயிலின் நகைப் பட்டியல்களில் முத்து என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போவதில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வகை விரிகிறது. முழு உருண்டை ஒரு பெயர், ஏறக்குறைய உருண்டை இன்னொரு பெயர். அதற்கும் மேலே ஒளியைப் பிரிக்கிறார்கள்: குளிர்ந்த நீர், சிவந்த நீர். முத்தின் பளபளப்பை ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டுக் குளிர்ச்சி என்று சொல்லியிருக்கிறார். வரிக் கணக்கும் நெல் கணக்கும் எழுதிய அதே அலுவலக நடையில் அந்தச் சொல் இயல்பாக உட்கார்ந்திருக்கிறது. சிப்பியோடு ஒட்டியிருக்கும்போதே சாணை பிடித்தவை எவை, கோடும் கறையும் சுருக்கமும் விழுந்தவை எவை என்பதும் விடுபடவில்லை.

கொடுத்தவர் அரசரின் அக்கா, பெறுபவள் அம்மன். இருந்தும் எல்லாம் மாசற்றவை என்று எவரும் பூசி எழுதவில்லை. குறையைக் குறித்து வைத்தால்தான் நகை மாறிப்போனால் கண்டுபிடிக்கலாம் என்பது காரணமாக இருக்கலாம். எனக்கு அதைவிட, கல்லை அதன் குறையோடு அறிந்திருந்த அந்தக் கண்தான் பெரிதாகத் தெரிகிறது.

எடையிலும் அதே நேர்மை. கழஞ்சு என்ற எடைக்கு 20 மஞ்சாடி, மஞ்சாடிக்கு 2 குன்றி என்று பொடிப்பொடியாக இறங்குகிறார்கள். சரடு, கல் பதித்த சட்டம், செப்பாணி ஆகியவற்றைக் கழித்து நிறுத்தார்கள். பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர், மணி நகைகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். இரண்டும் இறைவன் பெயர்களே.

செப்புத் திருமேனிகளையும் இப்படித்தான் பதிந்தார்கள். அடி முதல் முடி வரை எத்தனை முழம், எத்தனை விரல், கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலா. ஆடவல்லான் திருமேனிக்கு நான்கு கைகள், ஒன்பது சடை, சடைமேல் கங்கை, காலடியில் முயலகன். படிக்கப் படிக்க உருவம் எழுந்து நிற்கிறது.

மனிதர்களுக்கும் இதே கவனம் கிடைத்தது. கோயில் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் பெயருடன் இருக்கிறது. பாடுவோர், கொட்டுவோர், குடை பிடிப்போர், தையற்காரர், நாவிதர், குயவர் எனப் பட்டியல் நீள்கிறது. அதில் இரத்தினத்தையான் என்றொரு பணி. மணிகளைக் கோத்துத் தைப்பவர். குளிர்ந்த நீரையும் சிவந்த நீரையும் பிரித்துச் சொன்னவர் அவரைப் போன்ற ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவர் விரலில் உருட்டிச் சொல்லச் சொல்ல, கணக்கர் எழுதிக்கொண்டிருப்பார்.