மயானத்துக்குப் போகும் வழி

நம் புதுக்கவிதையில் சாவுக்குக் குறைவில்லை. பத்துத் தொகுப்புகளைப் புரட்டினால் எட்டில் மரணம் நிழலாகப் படிகிறது, அல்லது நண்பனாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பிணம் எந்தத் தெரு வழியாகப் போயிற்று, எங்கே இறக்கி வைத்தார்கள், யார் குழி வெட்டினார்கள் என்ற தகவல் மட்டும் இருப்பதில்லை. மரணம் ஒரு கருத்து. அதைச் சிரமமில்லாமல் எழுதிவிடலாம். மயானம் ஒரு இடம். இடம் என்றால் அதற்கு எல்லை உண்டு, சொந்தக்காரர் உண்டு, நம் ஊர்களில் ஜாதியும் உண்டு. கருத்தைப் பிடித்துக்கொண்டு இடத்தை நாம் விட்டுவிட்டது தற்செயலான மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெயகாந்தன் ‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி’யில் இடுகாட்டுக்குள்ளேயே போய், குழி வெட்டுகிறவனின் பக்கத்தில் நின்றார். அந்தக் கதையின் உணர்ச்சி மிகை பற்றி நமக்கு ஆட்சேபங்கள் இருக்கலாம். அவர் நின்ற இடத்தைப் பற்றி இருக்க முடியாது.

கட்டிடக்கலையில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் சில படங்களைக் காட்டினார். ஒன்று ஸ்டாக்ஹோம் நகரத்து வனமயானம்: 1915இல் போட்டி வைத்து அஸ்ப்ளுண்ட், லெவரெண்ட்ஸ் என்ற இருவரிடம் நகரம் ஒப்படைத்த வேலை. பைன் மரங்களுக்கு நடுவே கல்லறைகள், திறந்த புல்மேடு, அதை ஒட்டி மெல்ல ஏறும் நீண்ட பாதை. இன்னொன்று இத்தாலியின் மொதேனா நகரத்துக்காக ஆல்டோ ரோஸ்ஸி 1971 போட்டியில் வரைந்து பிறகு கட்டப்பட்டது: கூரையில்லாத, ஜன்னல்களில் சட்டமோ கண்ணாடியோ இல்லாத ஒரு கனசதுரம். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு போல நிற்கிறது.

“நம்ம தேனியிலயும் கம்பத்துலயும் இப்படி ஒண்ணு ஏன் கட்டக்கூடாது?” என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். நம் மயானம் என்பது தகரக் கொட்டகை, கொடையாளியின் பெயர் எழுதிய இரும்புக் கதவு, சீமைக்கருவேலம், உடைந்த கலயங்கள். ஆனால் அந்தப் படங்களில் என்னை நிறுத்தியது கட்டிடம் அல்ல. துக்கத்தோடு வருகிறவன் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எந்த இடத்தில் அவனுக்கு வானம் தெரிய வேண்டும் என்று அஸ்ப்ளுண்ட் யோசித்திருக்கிறார். அந்த ஞானம் நமக்கும் உண்டு. நீர்மாலை எடுத்து வருவது, தெருமுனையில் பெண்கள் நின்றுவிடுவது, பாதி வழியில் பாடையைத் திருப்பிப் பிடிப்பது, கொள்ளி வைத்தபின் திரும்பிப் பாராமல் நடப்பது. நம் மயானத்தின் உருவம் சுவரில் இல்லை; அது நடையில் இருக்கிறது.

என் சித்தப்பாவைப் பள்ளத்தாக்கின் ஒரு நகரத்தில் எரிவாயு தகனமேடையில் வைத்தோம். இரும்புத் தட்டு உள்ளே போயிற்று, கதவு இறங்கியது, ரசீது கைக்கு வந்தது. இதை நான் பழிக்கவில்லை. விறகுக்கும் இடத்துக்கும் வழியற்றுப்போன நகரத்துக்கு இது வேண்டும். ஜாதி கேட்காமல் எல்லோரையும் ஒரே அடுப்பில் வைப்பது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் கேதத்துக்கு வந்தவர்கள் நிற்க அங்கே ஒரு இடம் இல்லை. வண்டிகளுக்கு நடுவே நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பைத் திட்டமிட்டவர்கள் அழுகிறவனைத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

இதே மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்து. ஏறக்குறைய 2,300 ஆண்டுப் பழமை என்று தொல்லியலாளர்கள் கணிக்கிறார்கள். ஒரு கல், பேடு என்ற ஊரின் தீயன் அந்தவன் கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்ததைச் சொல்கிறது. அவன் அரசன் இல்லை. பெயர், ஊர், இறந்த விதம்: மூன்றையும் ஒரு கல் இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறது. நடுகல் மரபை நான் கொண்டாட வரவில்லை. சண்டையில் விழுந்தவனுக்குக் கல் கிடைத்தது. காய்ச்சலில் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

காய்ச்சலில் செத்தவர்கள் கதை பிறகு வருகிறது. பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டபோது நோயில் இறந்தவர்கள் 483 பேர் என்பது கணக்கு. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்தார்கள். இன்று அது கேரளத்தின் புலிகள் காப்பகக் காடு. நினைத்தவர் நினைத்தபோது போய்வர முடியாது. பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் வந்தது. ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், ஊர்கள் பொங்கல் வைக்கின்றன. அது உண்மையான நன்றி. அரசாங்கம் சொல்லிச் செய்வதில்லை. ஆனால் அவருடைய கல்லறை இங்கிலாந்தில் இருக்க, மண்டபம் இங்கே இருக்கிறது. இங்கேயே புதைந்தவர்கள் வெறும் எண்ணாக இருக்கிறார்கள். சமாதி இல்லாத மண்டபம், பெயர் இல்லாத சமாதி: நம் நினைவின் கட்டிடக்கலை இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கியிருக்கிறது. ஆடி அமாவாசைக்கு வீரபாண்டியில் முல்லையாற்றில் இறங்கித் தன் மூன்று தலைமுறைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவர் கையில் அள்ளுவது, அந்த 483 பேர் செத்துத் திருப்பிவிட்ட தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. எங்கள் வயலும் அதில் உண்டு. எங்கள் ஊரில் மயானம் இரண்டு. ஊராருடையது ஆற்றோரம், தார்ச்சாலையோடு. காலனிக்காரர்களுடையது வயல்களுக்கு அப்பால், வரப்பு வழியாக. எங்கள் நிலத்தில் முப்பது வருஷம் தண்ணீர் கட்டியவர் ஒரு நடவுக் காலத்தில் இறந்தார். என் அப்பா வயது. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். முழுப் பெயரை முதலில் பார்த்ததே இறப்புச் சான்றிதழில்தான். பாடை வரப்பில் அடங்கவில்லை. தூக்கியவர்கள் முழங்கால் சேற்றில், நட்ட நாற்றை மிதிக்காமல் காலை ஊன்றப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த வாரம் நான் மரணம் பற்றி ஒரு கவிதை எழுதி அனுப்பினேன். பிரசுரமாயிற்று. அதில் சேறு இல்லை.

குடியிருப்புக்கும் மயானத்துக்கும் 90 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன 1999ஆம் வருஷத்து ஊராட்சி விதிகள். ஜாதி பேதமில்லாத மயானம் உள்ள முன்மாதிரி கிராமங்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021இல் அரசு அறிவித்தது. தூரத்துக்கு விதி இருக்கிறது, ஒற்றுமைக்குப் பரிசு இருக்கிறது. அந்தத் தூரத்தை ஒரு பிணம் எப்படிக் கடக்கும் என்பதுதான் வடிவமைப்பின் முதல் கேள்வி. நண்பருக்கு என் பதில் இதுதான்: ஸ்டாக்ஹோமிலிருந்து எடுத்துக்கொள்வதானால் மண்டபத்தை அல்ல, பாதையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மயானத்துக்கும் ஒரே பாதை போட்டால், பிறகு இரண்டு மயானம் எதற்கு என்ற கேள்வி தானாக எழும். அதனால்தான் பாதை போடப்படாமல் இருக்கிறது.

அந்த வரப்பு எங்களுடையது. ஐந்தடி விட்டுக்கொடுத்தால் பாடை போகும். அண்ணனிடம் கேட்டேன். “நடவு முடியட்டும்ப்பா, பாப்போம்” என்றார். நடவு முடிந்து, அறுப்பும் முடிந்துவிட்டது. நான் மறுபடி கேட்கவில்லை.