தலைமுழுகியது யாரை?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் ஓடியாடிப் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, "யாருங்க அது, சுறுசுறுப்பா இருக்காங்களே?" என்று பக்கத்து இலைப் பெரியவரிடம் கேட்டேன். "பேங்க்ல ஆபீசர். சொந்தமா வீடு வாங்கிட்டா. பாவம், முதல் கல்யாணம் ஆறு மாசம்கூட நிக்கலை" என்றார். அது நடந்து எட்டு வருஷம் ஆகிறதாம்.

நான் கேட்டது ஒரு கேள்வி. அவர் சொன்ன மூன்றாவது பதிலை நான் கேட்கவே இல்லை. அந்தப் பெண் புதுசாக ஆரம்பித்து எவ்வளவோ தூரம் போய்விட்டாள். பெரியவர்தான் இன்னும் அந்த ஆறாவது மாசத்திலேயே நிற்கிறார்!

வீட்டுக்கு வந்ததும் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையை எடுத்து மறுபடி படித்தேன். 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மழை, பஸ் ஸ்டாப், காலேஜ் பெண், ஒரு கார். அவளுடைய அறியாமையை ஒருவன் பயன்படுத்திக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக் காது எட்டாமல் பார்த்துக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை. அதற்கே தமிழ்நாட்டில் பெரிய ரகளை. 'அதெப்படி ஒரு தாய் அப்படிச் சொல்லலாம்?' என்று கண்டித்தவர்கள் ஏராளம்.

அந்த எதிர்ப்புக்கு ஜெயகாந்தன் தந்த பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'சரி, நீங்கள் சொல்கிறபடியே அந்தத் தாய் நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், பாருங்கள்' என்பதுபோல 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். இதில் அம்மாவால் அடக்க முடியவில்லை. கத்திவிடுகிறாள். விஷயம் வெளியே வந்துவிடுகிறது. அண்ணன், தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான்.

தமிழில் 'தலைமுழுகுவது' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. உறவே வேண்டாமென்று அறுத்துவிடுவது. சிறுகதையின் தாய், நடந்த சம்பவத்தைத் தலைமுழுகினாள். நாவலின் அண்ணன், தங்கையையே தலைமுழுகினான். இரண்டு கதைக்கும் இருக்கிற மொத்த வித்தியாசமே இதுதான்.

இனிமேல்தான் முக்கியமான இடம். நாவலின் கங்கா தோற்றுப்போனவளா? இல்லையே! மாமா தயவில் படிக்கிறாள். நல்ல உத்தியோகம், கைநிறையச் சம்பளம். நம் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் 'விழுந்தவன் எழுவது எப்படி?' என்று போடுகிற பட்டியலில் முக்கால்வாசியை டிக் அடித்துவிடலாம். ஆனால் வீட்டில் யாருக்கும் அவள் உத்தியோகஸ்தி இல்லை, அன்றைக்கு மழையில் நனைந்து வந்த அதே பெண்தான். படிக்கவைத்த மாமாவே அவளைச் சபலத்தோடு பார்க்கிறார். கெடுத்தவனைத் தேடிப் பிடிக்க முடியுமா என்று குத்துகிறார். அவளும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டவள் மாதிரி அவனைத் தேடிப் போகிறாள். பாதை புதுசு, போகிற ஊரை முடிவு செய்தது மட்டும் பழைய ஆட்கள்.

நாவலுக்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தச் சிறுகதையே ஒரு பத்திரிகையில் வருகிறது. கங்கா அதைப் படிக்கிறாள். தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாழ்க்கை அச்சில் கிடக்கிறது! இதைவிடக் கொடுமையான கட்டத்தை நான் படித்ததில்லை. 1977-ல் பீம்சிங் இதைப் படமாக எடுத்தபோது கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1943-ல், புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதிவிட்டார். கல்லாகக் கிடந்த அகலிகைக்கு ராமன் உயிர் கொடுக்கிறான். அதற்கு மேல் ஒரு மறுவாய்ப்பு உண்டா? ஆனால் ஊர் விடுகிறதா என்ன, ஒதுங்கித்தான் போகிறது. கடைசியில் சீதை வந்து, தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சொல்கிறாள். மன்னித்தவனே கணக்குக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்ததும், அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அழுக்கே இல்லையென்றால் எதற்கு அம்மா தண்ணீர்? ஊற்றுகிறபோதே கறை என்ற ஒன்றை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறதே? ஜெயகாந்தனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். தவறு செய்தவன் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான், குளிக்க வேண்டியவள் இவளா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ராத்திரியில், அந்த விதவைத் தாய்க்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். அந்தப் பாஷையிலேயே 'இது முடிந்துபோச்சு' என்று சொல்லத் தெரிந்ததே, அதுதான் அவள் பெருமை. புரட்சிக்காரிகூட இல்லை, பாவம். பயந்தவள். பயந்துகொண்டே சரியானதைச் செய்தாள்.

தோற்றவர்களுக்குத் தைரியம் சொல்ல நம்மிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பரீட்சையில் கோட்டைவிட்ட பையன், கடையை மூடியவர், விவாகரத்தான பெண் எல்லோருக்கும் 'எழுந்து நில்' என்று உபதேசம். அவர்கள் எழுந்துவிடுகிறார்கள், சார். ஆயிரம் பேரில் பாதிப் பேராவது எழுந்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற நாம்தான் விழுந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். இந்த இரண்டு எழுத்தாளர்களும் பேசியது விழுந்தவர்களிடம் இல்லை, நம்மிடம்.

பந்தியில் அந்தப் பெண் என் இலைக்கு வந்தபோது, "பாயசம் பிரமாதம், இன்னொரு கரண்டி" என்றேன். சிரித்துக்கொண்டே ஊற்றினார். பக்கத்துப் பெரியவரும் இலையை நகர்த்தி ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் நாலு இலை தாண்டியதும் என் காதருகே குனிந்து மறுபடியும் "பாவம்" என்றார்.