கல்லின் கோடும் கண்ணாடியின் கோடும்

புதிதாக வந்த ஒரு டேப்லெட் வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், கடையில் முதலில் சொல்வது சிப்பின் பெயரைத்தான். 2025 அக்டோபரில் வெளிவந்த ஐபேட் புரோவுக்கு அது எம்5. 11 அங்குலக் கருவியின் விலை 99,900 ரூபாயில் தொடங்குகிறது. 13 அங்குலக் கருவி 1,29,900. வரைவதற்கான ஆப்பிள் பென்சில் புரோவைத் தனியாக 11,900 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். ஆக, படம் வரைகிற ஒருவர் குறைந்தது 1,11,800 ரூபாயை எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பணத்துக்கு ஈடாக அந்தக் கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது? கடையின் விளக்கு வெளிச்சத்தில் நாலு கிறுக்கல் கிறுக்கிப் பார்த்தால் அது தெரியாது. நுட்பமான பொருளை இன்னொரு நுட்பமான பொருளுக்கு எதிரே வைத்துத்தான் எடைபோட வேண்டும். அதனால் நண்பர் ஒருவர் வாங்கிய கருவியை இரவல் பெற்றுச் சிங்கவரத்துக்கு எடுத்துப்போனேன்.

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் சிங்கவரம். 2025 ஜூலையில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. அதைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்கியதோடு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைச் சுவர்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்துப் பாறைகளில் உளி ஓடியிருக்கிறது. சிங்கவரத்துக் குன்றின்மேல் இருப்பது பல்லவர் காலத்துக் குடைவரை. குடைந்தெடுத்த அதே தாய்ப்பாறையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். 24 அடி நீளம் என்று சொல்வார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட செஞ்சி அரசன் தேசிங்கு ராஜன் வழிபட்ட பெருமாள் இவர். போருக்குப் புறப்படும்முன் விடைகேட்டு வந்து நின்றவனைப் பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. சிலையின் கழுத்தில் சிற்பி வைத்த ஒரு சின்னத் திருப்பம், ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு கதையையே தன்மேல் ஏற்றிக்கொண்டது. கோட்டுக்கு அவ்வளவு வலிமை உண்டு.

சன்னிதியில் கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. அங்கே செய்ய வேண்டியது பார்ப்பது மட்டும். குடைவரையின் ஒரு பக்கத்தில் எருமைத் தலைமேல் கொற்றவை நிற்கிறாள். அரை இருட்டுக்குக் கண் பழகியதும் முதலில் தெரிவது அந்த உடலின் வளைவு. கழுத்து ஒரு பக்கம், இடை மறுபக்கம், கால் மீண்டும் பழைய பக்கம் என்று மூன்று இடத்தில் ஒசிந்த உடல். ஆனால் அந்த ஒசிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல்வைத்துச் சொல்ல முடியாது. பல்லவச் சிற்பி நகைகளைக் குறைத்து உடலைப் பேசவிடுகிறவன். அவன் கோட்டில் ஒரு முறிவும் இல்லை. அதை மனத்தில் ஏந்திக்கொண்டு வெளியே வந்து, குன்றின் நிழலில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன்.

இங்கேதான் கருவியின் முதல் நயம் தெரிந்தது. பென்சில் முனையைத் திரைக்குச் சற்று மேலே பிடிக்கும்போதே அது எங்கே விழப்போகிறது என்பதை ஒரு மெல்லிய நிழல் காட்டுகிறது. 12 மில்லிமீட்டர் தூரத்திலிருந்தே திரை அதை உணர்கிறது. முனை கண்ணாடியைத் தொட்டதும் கோடு அதன் அடியிலேயே பிறக்கிறது. விலை குறைந்த டேப்லெட்டுகளில் மேல்கண்ணாடிக்கும் ஒளித்திரைக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியால் முனை ஓரிடத்திலும் கோடு ஒரு மயிரிழை தள்ளியும் நிற்கும். எழுதும்போது அது உறுத்தாது. ஒரு கண்ணிமையின் ஓரத்தை வரையும்போது கை தடுமாறிவிடும். இதில் கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் கை நினைத்த இடமும் கோடு விழுந்த இடமும் ஒன்றுதான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகள். நொடிக்கு 120 முறை திரை புதுப்பித்துக்கொள்வதால் வேகமாக இழுத்த கோடும் முனையை விட்டுப் பின்தங்குவதில்லை.

இரண்டாவது நயம் அழுத்தம். அதன் அருமையைக் காட்டும் பனமலையும் செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியம் பாதி அழிந்தும் பாதி உயிரோடும் இருக்கிறது. அந்தப் பல்லவ ஓவியன் தூரிகையை அழுத்தியும் தளர்த்தியும் இழுத்த கோட்டில்தான் தோளின் திரட்சி இருக்கிறது. ஒரே தடிமனில் ஓடும் கோடு எல்லையைக் காட்டும். தடித்து மெலியும் கோடுதான் உடம்பைக் காட்டும். பென்சில் புரோவில் கொற்றவையின் இடையை இழுக்கும்போது, கை லேசாக அழுந்தக் கோடு தடிக்கிறது, விரல் தளரக் கோடு இழையாகிறது. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு தெரிவதில்லை. பென்சிலைச் சாய்த்தால் முனையின் பக்கவாட்டு கரித்துண்டு தேய்த்ததுபோல நிழல் பூசுகிறது. விரலிடுக்கில் உருட்டினால், உள்ளே இருக்கும் திருப்புமானி அதை உணர்ந்து, தட்டை முனைத் தூரிகையைத் திரையிலும் அதே அளவு திருப்புகிறது. தண்டை விரலால் அமுக்கினால் ஒரு சின்ன அதிர்வோடு தூரிகைப் பட்டியல் முனைக்கு அருகிலேயே விரிகிறது. அந்த அதிர்வு மிகச் சிறியது. ஆனால் கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமலே கருவியை மாற்றிக்கொள்ள அது போதும்.

சிங்கவரத்துக்கு அருகிலேயே திருநாதர்குன்று. நிழலில் தேறிய கருவிக்கு வெயிலில் சோதனை வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. திறந்த வெளியில், பெரிய பாறையின் முகத்தில், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். முதல் பார்வைக்கு எல்லாரும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். காலையின் சாய்ந்த வெயில் விழும்போது நின்று பார்த்தால், ஒவ்வொரு தோளின் சரிவும் மடியில் வைத்த கையின் பதிவும் தனித்தனியாக எழுந்துவரும். ஒரே அமைதியை 24 முறை செதுக்கியும் கை சலிக்காத சிற்பியின் பொறுமையை அப்போதுதான் உணர முடியும்.

அந்த வெயிலில் சாதாரணத் திரை கண்ணாடியாகிவிடும். வானமும் நம் முகமும்தான் அதில் தெரியும். நான் கொண்டுபோனது நானோ டெக்ஸ்சர் கண்ணாடி போட்ட கருவி. கண்ணுக்குத் தெரியாத அளவில் அதன் மேற்பரப்பைச் செதுக்கியிருப்பதால் விழுகிற ஒளி சிதறிப்போகிறது, எதிரொளி மங்குகிறது. திரையோ இரண்டு ஓஎல்இடி அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் செய்தது. முழுத்திரைக்கும் 1,000 நிட் வெளிச்சம் தருகிறது. இரண்டும் சேர்ந்து, பாறைக்கு எதிரே நின்றபடியே சாம்பல் நிறத்தின் மெல்லிய பேதங்களை வைத்து வரைய வழிசெய்தன. அந்தக் கண்ணாடியில் முனை வழுக்காமல் லேசான பிடிப்போடு நகர்வதும் ஒரு சுகம். ஆனால் இது 1 டெராபைட், 2 டெராபைட் சேமிப்புள்ள கருவிகளுக்கு மட்டுமே, அதுவும் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. 99,900 ரூபாய்க் கருவியில் கிடையாது. கடையில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

திருநாதர்குன்றில் இன்னொரு புதையலும் உண்டு. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாக வெட்டிய நிசீதிகைக் கல்வெட்டு. சுமார் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்து திரண்டு வருகிற காலத்து எழுத்து. ‘ஐ’ என்ற தனி எழுத்து முதன்முதலாகக் காணப்படும் கல்வெட்டு இது என்று கல்வெட்டியலார் கருதுகிறார்கள். அந்த எழுத்துகளைப் பார்த்து எழுதும்போது கை ஒரு பாடம் படிக்கிறது. எந்த வளைவை உளி ஒரே மூச்சில் திருப்பியது, எங்கே நிறுத்தி மறுபடி தொடங்கியது என்பதெல்லாம் கண்ணுக்கு முன்பாகக் கைக்குத் தெரிந்துவிடுகிறது. புகைப்படத்தை அடியில் ஓர் அடுக்காக வைத்து, மேலே வேறோர் அடுக்கில் எழுத்தை வரைந்து, பிறகு படத்தை மறைத்துவிட்டால் எழுத்து மட்டும் வெண்மையில் நிற்கும். ஐயமான இடத்தை வேறு நிறத்தில், வேறு அடுக்கில் வைத்துக்கொள்ளலாம். எது கல் சொன்னது, எது நாம் ஊகித்தது என்பது கலக்காமல் இருக்கும்.

கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். கல்லின் ஆழத்தைத் தாளே தொட்டுப் படித்துவரும் கலை அது. டேப்லெட் அதற்கு மாற்று ஆகாது. ஐபேட் புரோவில் லைடார் உணரி இருக்கிறது. அறையின் அளவை எடுக்கும், குடைவரை மண்டபத்தின் அகல நீளத்தைக்கூடச் சொல்லிவிடும். நகக்கண் ஆழமுள்ள எழுத்துப் பள்ளத்தை அளக்கும் கூர்மை அதற்கு இல்லை. ஆனால் மைப்படிக்கு அனுமதி வேண்டும், பயிற்சி வேண்டும். பார்த்து வரையும் படிக்குக் கல்லைத் தொடவே வேண்டாம். சுண்ணக்கட்டியால் எழுத்தின்மேல் வெள்ளை பூசிப் படமெடுக்கும் பழக்கத்தை ஒழிக்க இது ஒன்றே போதும்.

வரைந்த பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதும்போதும் ஒரு நிறைவு உண்டு. ஐபேடில் தமிழ்99, அஞ்சல் என இரு விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன. அதில் உள்ள தமிழ்ச் சங்கம் எம்என் எழுத்துரு மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தது. பாறையில் பார்த்துவிட்டு வந்த அதே ‘ஐ’யின் இன்றைய வடிவம் திரையில் சுழிமுனை சிதையாமல் நிற்பதைப் பார்க்கும்போது, தமிழ் எழுத்தின்மேல் அக்கறை உள்ளவர் செய்த வேலை என்பது விளங்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 35 டிகிரி வெப்பத்துக்குள் பயன்படுத்தவே இந்தக் கருவி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. செஞ்சிப் பாறைகள் சித்திரை, வைகாசியில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சூடேறினால் திரை தானே மங்கிவிடும். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது கருவிக்கும் நல்லது, வரைகிறவருக்கும் நல்லது. பென்சிலுக்கும் மின்னேற்றம் தேவை. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்11உடன் வரும் எஸ் பென்னுக்கு அந்தக் கவலை இல்லை. எழுதத் தேவையான ஆற்றலைத் திரையே அதற்குத் தருகிறது. பேனா பெட்டியிலேயே சேர்ந்து வருவதால் தனிச் செலவும் இல்லை. 34,900 ரூபாய்க்குத் தொடங்கும் சாதாரண ஐபேடில் படிக்கலாம், பாடம் கேட்கலாம், குறிப்பு எடுக்கலாம். ஆனால் அதன் கண்ணாடி ஒட்டியதல்ல. அதோடு வாங்கும் யுஎஸ்பி-சி பென்சில் அழுத்தத்தை உணராது. கொற்றவையின் இடை அதில் வராது.

ஆகவே என் தீர்ப்பு இது. 2024இல் வந்த எம்4 ஐபேட் புரோ கையில் இருப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. அதே பென்சில், அதே இரட்டை அடுக்குத் திரை, 11 அங்குலக் கருவி என்றால் அதே 5.3 மில்லிமீட்டர் தடிமன், அதே 444 கிராம் எடை அதிலும் உண்டு. புதிய சிப்பின் வேகம் கோட்டின் நயத்தைக் கூட்டுவதில்லை. படிக்கவும் பார்க்கவும் மட்டும் டேப்லெட் தேடுபவருக்கு 34,900 ரூபாய்க் கருவியே நிறைவு. வரைவதைத் தொழிலாகவோ தவமாகவோ கொண்டவர், பழைய கருவி எதுவும் இல்லாதவர், தயங்காமல் வாங்கலாம். கொடுத்த பணத்துக்கு அந்தக் கோடு ஈடு செய்யும். வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதில் முதலில் வரைவது நம் ஊர்க் கல்லாக இருக்கட்டும். திருநாதர்குன்றின் எழுத்துகள் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடாமல் படியெடுத்து வைக்கும் கைகள் இன்னும் பல வேண்டும்.