கந்தளாய் அரிசி ஆலையில் லினக்ஸ் மின்ட்

பெரும்போக அறுவடை முடிந்து, கந்தளாய்க் குளத்து நீரால் விளைந்த நெல் மூடை மூடையாக லொறிகளில் வந்து இறங்கும் மாசி, பங்குனி மாதங்களில், இப்பகுதி ஆலைகளின் தராசு மேடையை ஒட்டிய சிற்றறைகளுக்குள் எட்டிப் பார்ப்பவர், அங்கே இன்னமும் உயிரோடிருக்கும் மென்பொருள்களின் வயதைக் கண்டு ஆச்சரியப்படாமல் இருக்க இயலாது. நான் பரீட்சை செய்த ஆலையில் அத்தகையவை இரண்டு இருந்தன: டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்ட நெற்கொள்வனவுக் கணக்கு ஒன்று, தராசிலிருந்து நிறையை வாங்கிப் பற்றுச்சீட்டாக அடித்துத் தரும், விஷுவல் பேசிக் 6 இல் ஆக்கப்பட்ட நிரல் மற்றொன்று. இவ்விரண்டையும் சுமந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் வன்தட்டு கரகரக்கத் தொடங்கிவிட்டபடியால், ஆலையில் சும்மா கிடந்த மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் மின்ட் 22 ஐ நிறுவி, அந்தப் பாரத்தை அது தாங்குமா என்று பார்க்கும் காரியம் எனக்கு வாய்த்தது.

விண்டோஸையே புதுப்பித்துக்கொண்டால் என்ன என்று முதலாளி கேட்டது நியாயமே. ஆயினும் விண்டோஸ் 10 இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துபோயிற்று. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் லட்சணங்கள் இந்த மடிக்கணினிக்கு இல்லை. அவை இருந்திருந்தாலும், 64 பிட் விண்டோஸ் எதுவும் டாஸ் நிரல்களைத் தானாக இயக்குவதில்லை. தாய்வீடு படியேற்றாத பிள்ளைக்கு அயல்வீடு பாய் விரித்தது போலத்தான் இந்த விவகாரம் முடிந்தது.

கொள்வனவுக் கணக்குக்கு நான் அமர்த்தியது டாஸ்பாக்ஸ்-எக்ஸ். மூலமான டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகப் பிறந்தது. அச்சுப்பொறியைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆலைக்கோ மூன்று பிரதி கார்பன் தாளில் கடகடவென்று ஊசி குத்தும் புள்ளி அச்சுப்பொறிதான் உயிர்நாடி. நிரல் அச்சுக்கு அனுப்புவதை டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஒரு கோப்பாகப் பிடித்துத் தர, அக்கோப்பை எவ்வித அலங்காரமும் செய்யாது உள்ளபடியே அச்சுப்பொறிக்குத் தள்ளும் சிறு கட்டளைத் தொகுப்பு ஒன்றை எழுதினேன். பட்டியலின் கடைசி வரி வரைக்கும் பழைய இடத்திலேயே விழுந்தது. கணக்கின் வேகத்திலும் குறை சொல்வதற்கில்லை. அதன் தரவுக் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் நேரடியாகத் திறந்து காட்டியதும், ஆண்டுக்கணக்கான கொள்முதல் விவரம் விரிதாளில் வரிசையாக வந்து நின்றதும், நான் எதிர்பாராத லாபம்.

தராசு நிரல்தான் என் பொறுமையைச் சோதித்தது. அதற்கு வேண்டியது வைன். 1993 இல் தொடங்கி, 1994 முதல் அலெக்ஸாண்டர் ஜூலியாரின் பரிபாலனத்தில் வளர்ந்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து 2008 இலேதான் 1.0 என்ற இலக்கத்தைச் சூடிக்கொண்ட இம்முயற்சி, டாஸ்பாக்ஸைப் போல ஒரு முழுக் கணினியைப் பாவனை செய்வதன்று. விண்டோஸிடம் நிரல் விடுக்கும் வேண்டுகோள்களை லினக்ஸுக்குரிய வேண்டுகோள்களாக மாற்றிக் கொடுப்பது. விஷுவல் பேசிக்கின் துணைக் கோப்புகளை வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக்கருவி கொண்டு இட்டவுடன் திரை வந்தது. தராசின் எண் மட்டும் வரவில்லை. காரணம் இரண்டு. தொடர் துறைகளைத் தொடும் உரிமையுள்ள பயனர் குழுவில் கணக்கப்பிள்ளையின் பெயரைச் சேர்க்கவேண்டியிருந்தது, இது எளிது. மற்றது விசித்திரமானது: மடிக்கணினியில் பழைய பாணித் துறை இல்லாமையால் யூஎஸ்பி மாற்றி ஒன்றைச் செருகியிருந்தோம், வைனோ முதல் முப்பத்திரண்டு காம் இலக்கங்களைப் பழைய பாணித் துறைகளுக்கென ஒதுக்கிவிட்டு, யூஎஸ்பி வழியாக வருவதற்கு முப்பத்துமூன்றாம் இலக்கத்தைக் கொடுக்கிறது. காம் 1, காம் 2 என்ற இரண்டைத் தவிர வேறொன்றையும் அறியாத நம் நிரல் அத்தனை தூரம் எங்கே எண்ணப் போகிறது! வைனின் பதிவேட்டில் அந்த மாற்றியைக் காம் 1 என்று எழுதிவைத்ததும் மேடையில் நின்ற லொறியின் நிறை திரையில் துள்ளியது.

அதன் பின்னும் ஒரு குறை. பற்றுச்சீட்டைக் கையில் எடுத்த கணக்கப்பிள்ளை, "தம்பி, ஆலையின்ர பேர் முழுக்க இங்கிலிசாப் போச்சு" என்றார். இலங்கைத் தமிழ் அச்சுலகம் நெடுங்காலமாகப் பிரயோகித்துவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழ் எழுத்துகளை அமர்த்தியிருப்பது. அது இல்லாத இடத்தில் வேஷம் கலைந்து ஆங்கிலமே தென்படும். எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்துவந்து வைத்ததும் தமிழ் திரும்பிற்று.

இத்தனையும் நடந்தபோதிலும், இந்த ஏற்பாட்டின் ஆயுளைப் பற்றி எனக்குச் சற்றே சந்தேகமுண்டு. பயனர் நிரலை உடைக்கலாகாது என்பது லினக்ஸ் கருவைப் பொறுத்தமட்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் விதி. கருவுக்கு மேலே தொகுப்புகளைக் கட்டுவோர் அனைவரும் அவ்விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். 2019 இல் உபுண்டு 32 பிட் நூலகங்களைக் கைவிடப் போவதாக அறிவித்து, வைன் பக்கத்திலிருந்தும் விளையாட்டு உலகிலிருந்தும் எழுந்த ஆட்சேபத்தினால் சில நாட்களிலேயே பின்வாங்கி, வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டது. மின்ட் 22 அந்த உபுண்டுவின் 24.04 பதிப்பின் மேல் நிற்பதாகையால், 32 பிட் நிரலான நம் தராசு நிரல் அந்தப் பின்வாங்கலின் தயவில் ஓடுகிறது. 2025 இல் வெளிவந்த டெபியன் 13 உம் 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. வைன் குழுவினர் 32 பிட் நூலகங்களை நம்பாமலே 32 பிட் நிரல்களை இயக்கும் புதிய மார்க்கத்தை அமைத்திருப்பதால் உடனடி அபாயம் எதுவுமில்லை எனினும், ஓடிக்கொண்டிருப்பதை நடுப்போகத்தில் மேம்படுத்த வேண்டாமென்று முதலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்கெனக் கணினியின் பின்புறம் செருகும் பூட்டுச் சாவியுடன் வந்த நிரல்களை வைத்திருக்கும் ஆலைக்காரர் இம்முயற்சியில் இறங்காதிருப்பதே உத்தமம். அத்தகைய சாவிகளுக்குரிய இயக்கிகள் பெரும்பாலும் விண்டோஸின் கருவுக்குள் புகுந்து வேலை செய்பவை. வைன் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதில்லை. அவர்கள் எக்ஸ்பி கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்து, வன்தட்டை மட்டும் புதிதாக மாற்றி, அடுத்த போகத்துக்குள் வேறு நிரலுக்கு ஆள் தேடலாம்.